இசையைத் தொழிலாக்க நினைக்கும் பிள்ளைகளுக்காக, அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நான் வயோலா, அதாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய, வில்லால் வாசிக்கும் வாத்தியம், சொல்லித்தருபவன். பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் அருமையாக வாசிக்கும் நம் பிள்ளைகள் பலர், பதினொன்றாம் வகுப்போடு வில்லைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கு இதுவரை வாசித்ததே போதும் என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது. அப்படி நிறுத்துபவர்களைப் பற்றி அல்ல இந்த மடல். இசைதான் என் வேலை என்று உறுதியாகச் சொல்லும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு கோடையை ஆர்க்கெஸ்ட்ரா முகாமுக்குக் கொடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

தனி வகுப்பில் நாங்கள் கற்றுத்தருவது பெரும்பாலும் தனியாக வாசிக்கத்தான். வேலையோ வேறு மாதிரி. பத்துப் பன்னிரண்டு வயோலாக்களில் ஒன்றாக உட்கார வேண்டும். முன்வரிசைத் தலைவர் வில்லை மேலே தள்ளினால் நாமும் தள்ள வேண்டும், அவர் எவ்வளவு நீளம் இழுக்கிறாரோ அவ்வளவுதான் நாமும். உள்பக்கம் இருப்பவர் தாளைத் திருப்பும்போது வெளிப்பக்கம் இருப்பவர் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். பள்ளியில் ஒரு கச்சேரிக்கு மூன்று மாதம் ஒத்திகை பார்ப்பார்கள். முகாமில் பெரும்பாலும் ஒரு வாரம்தான், அடுத்த வாரம் வேறு சிம்பனி. முதல் வாரம் பிள்ளைகள் திணறுவார்கள். அப்புறம் முதல் ஒத்திகைக்கே தன் பகுதியைப் படித்து, மற்ற வாத்தியங்கள் எங்கே நுழைகின்றன என்றும் தெரிந்துகொண்டு வருவார்கள். தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ரா எதிர்பார்ப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

பாஸ்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா கோடையில் வாசிக்கும் இடமான, மாசசூசெட்ஸின் டாங்கிள்வுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் இசை இயக்குநர் செர்ஜ் குசெவிட்ஸ்கி 1940இல் அங்கே பயிற்சி மையம் தொடங்கினார். முதல் ஆண்டு மாணவர்களில் ஒருவர், பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரும் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநருமான லெனார்ட் பெர்ன்ஸ்டைன். 1960இல் மாணவராக வந்த செய்ஜி ஒசாவா பின்னாளில் அதே பாஸ்டன் சிம்பனியை 29 ஆண்டுகள் வழிநடத்தினார். அமெரிக்க சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசிப்போரில் சுமார் 20 சதவீதம் பேர் அங்கே பயின்றவர்கள் என்பது அந்த மையமே சொல்லும் கணிப்பு. பாஸ்டன் சிம்பனிக்காரர்களே பயிற்சி தருவதால், அந்த வேலையில் இருப்பவர் ஒரு நாளை எப்படி நடத்துகிறார் என்பதைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்தே பார்க்கிறார்கள்.

வேலைத் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே நாற்காலிக்கு நூறு பேருக்கு மேல் வருவது சகஜம். திரைக்குப் பின்னால் நின்று, பெரிய படைப்புகளிலிருந்து சில கடினமான பகுதிகளைச் சில நிமிடங்களில் வாசிக்க வேண்டும். காலடி ஓசையில் ஆணா பெண்ணா என்று தெரியாமலிருக்கக் கம்பளம்கூட விரிப்பார்கள். நல்ல முகாம்களில் இதற்கு மாதிரித் தேர்வு வைத்து, எங்கே சுருதி விலகியது, எங்கே தாளம் ஓடியது என்று கேட்டவர்களே சொல்லிவிடுவார்கள். வீட்டில் எத்தனை மணிநேரம் சாதகம் செய்தாலும் அந்தப் பதற்றத்தைப் பழக முடியாது. எல்லோருக்கும் வேலை கிடைக்காது என்பதும் உண்மை. தன் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பதாவது 19 வயதிலேயே தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றி: சில முகாம்கள் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும். கடன் வாங்காதீர்கள், முதலில் கட்டணமில்லாதவற்றைப் பாருங்கள். நியூயார்க்கின் கார்னகி ஹால் இசையரங்கம் 2013 முதல் நடத்தும் தேசிய இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா 16 முதல் 19 வயதினருக்கு இலவசம். சற்றுப் பெரியவர்களானால், டாங்கிள்வுட்டில் தேர்வாகிறவர்களுக்கும் பயிற்சிக் கட்டணம் இல்லை. மற்ற இடங்களில் உதவித்தொகை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

முகாம் விண்ணப்பத்துக்கான ஒலிப்பதிவுகளைப் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலுமே கேட்பார்கள். அதனால் ஆசிரியரிடம் செப்டம்பரிலேயே பேசிவிடுங்கள். முடிவு வரும்வரை கோடைக்கான ஊர் டிக்கெட்டை மட்டும் எடுக்காமல் இருங்கள். தாத்தா பாட்டியை டிசம்பரில் போய்ப் பார்க்கலாம்.

அன்புடன்,
ஒரு வயோலா ஆசிரியர்