மூலமொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக இலக்கியத் தமிழாக்கங்கள் பெருகிவருவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தின் வழியாகவே நமக்கு வந்து சேர்கின்றன என்பதைக் கட்டுரை தொடவில்லை. அதைப் படித்தபோது, யூதர்களின் மொழியான எபிரேயத்தில் எழுதியவரும் மூலமொழிகளிலிருந்தே நேரடியாக மொழிபெயர்த்தவருமான கவிஞர் லேயா கோல்ட்பர்க்கின் நினைவு எழுந்தது. தமிழில் அதிகம் பேசப்படாதவர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1911இல் அன்றைய ஜெர்மனியின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்து, லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் வளர்ந்தவர் அவர். வீட்டில் பேசிய மொழி ரஷ்யன். எபிரேயம் அவர் கற்றுக்கொண்ட மொழி. முதல் உலகப் போரின்போது ரஷ்யாவுக்குச் சென்றிருந்த குடும்பம் ஊர் திரும்புகையில், எல்லையில் இருந்த படைவீரர்கள் அவருடைய தந்தையை உளவாளி என்று பிடித்துவைத்து, சுட்டுக்கொல்லப் போவதாகத் திரும்பத் திரும்ப அச்சுறுத்தினார்கள். தந்தையின் மனநலம் அதன்பின் குலைந்தது. அத்தகைய துயரம் நிறைந்த வீட்டிலிருந்த சிறுமி எபிரேயத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, அந்த மொழியிலேயே கவிஞராவது என்று உறுதி கொண்டதை எண்ணும்போதெல்லாம் வியப்பு மேலிடுகிறது.

1933இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வுகூட மொழிபெயர்ப்பைப் பற்றியதுதான். யூதர்களோடு தொடர்புடைய பழைய சமயக் குழுவினரான சமாரியர்களின் மறைநூல் மொழிபெயர்ப்பே அதன் பொருள். 1935இல் டெல் அவிவ் சென்றார். முதல் கவிதைத் தொகுப்பும் அவ்வாண்டே வெளிவந்தது. பின்னர் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை ரஷ்ய மொழியிலிருந்தும், பெட்ரார்க்கின் கவிதைகளை இத்தாலியத்திலிருந்தும் எபிரேயத்துக்குக் கொண்டுவந்தார். பெட்ரார்க்கிடம் பயின்ற பதினான்கு வரிச் செய்யுள் வடிவம் அவருடைய சொந்தக் காதல் கவிதைகளிலும் வேர்கொண்டது. கவிதை எழுதுவதையும் மொழிபெயர்ப்பதையும் அவர் ஒருநாளும் தனித்தனித் தொழில்களாகப் பிரித்துக்கொள்ளவில்லை என்றே கருதுகிறேன். ஐரோப்பாவில் தம் யூத இனத்தார் கொன்றொழிக்கப்பட்ட பிறகும் அந்தக் கண்டத்தின் இலக்கியத்தைத் தம் வாசகர்களிடம் சேர்க்கும் பணியை அவர் கைவிடவில்லை என்பது என் உள்ளத்தை மிகவும் தொட்ட செய்தி.

எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியத் துறையை நிறுவி, அதன் தலைவராக இருந்து மாணவர்களை உருவாக்கினார். 1970இல் அவர் காலமான பின் வழங்கப்பட்ட இஸ்ரேல் பரிசை அவருடைய தாயார் பெற்றுக்கொண்டார். 2017 முதல் அந்நாட்டின் 100 ஷெக்கல் பணத்தாளில் அவருடைய உருவம் இடம்பெற்றுள்ளது.

தமிழிலும் இத்தகைய உழைப்பு இல்லாமல் இல்லை. சென்னையின் க்ரியா பதிப்பகம் வெளியிட்ட, காம்யூவின் 'அந்நியன்' நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சு மூலத்திலிருந்தே பெயர்த்தார். அந்த நடையின் இறுக்கத்தை இன்றும் வாசகர்கள் வியந்து பேசுகிறார்கள். ஆங்கிலம் வழியாக அரிய நூல்களைத் தந்தவர்களுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆனாலும் இரண்டு முறை கைமாறி வரும் கவிதையில் மூலத்தின் ஓசையும் தொடரமைப்பும் மேலும் தேய்ந்துபோகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்திலேயே பிரெஞ்சும் ஜெர்மனும் கற்பிக்கும் நிறுவனங்கள் உள்ளன. அங்கே படிப்போரில் தமிழ் இலக்கியத்தில் தோய்ந்த சிலரையேனும் மொழிபெயர்ப்பின் பக்கம் திருப்ப ஓர் ஏற்பாடு வேண்டாமா?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழும் இருக்கிறது, பிரெஞ்சும் இருக்கிறது. இரு துறைகளும் இணைந்து இலக்கிய மொழிபெயர்ப்புக்கென ஆழமான பயிற்சி ஒன்றை நடத்தலாம். 2023 முதல் பன்னாட்டுப் புத்தகக் காட்சியை நடத்தி மொழிபெயர்ப்புக்கு நிதியுதவி அளித்துவரும் தமிழக அரசு, அயல்மொழி ஒன்றைப் பல ஆண்டுகள் முறையாகக் கற்று மூலத்திலிருந்தே பெயர்க்க முன்வரும் இளைஞர்களுக்கு, கற்கும் காலத்திலேயே உதவித்தொகை வழங்க வேண்டும். ஒரு நூலுக்குத் தரும் தொகையால் நூல் கிடைக்கும். மொழிபெயர்ப்பாளர் உருவாக அது போதாது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். நூல் மதிப்புரைகளில் பதிப்பகத்தின் பெயரையும் விலையையும் தருவதுபோல, மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் அவர் எந்த மொழியிலிருந்து பெயர்த்தார் என்பதையும் தவறாமல் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
மயிலாப்பூர், சென்னை