பள்ளிக் கதவுகளில் மின்காந்தப் பூட்டு: உள்ளிருந்து திறக்க வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியாட்கள் நுழைவதைத் தடுக்கவும், சிறு பிள்ளைகள் யாரும் அறியாமல் வாசலைத் தாண்டிவிடாமல் காக்கவும், அட்டையைக் காட்டினால் திறக்கும் மின்காந்தப் பூட்டுகளைத் தனியார் பள்ளிகள் சில பொருத்தி வருகின்றன. இன்றைய பெற்றோரின் அச்சத்தை அறிந்தவர்கள் இதைக் குறைகூற மாட்டார்கள். ஆயினும், தீப்பிடித்தால் பிள்ளைகள் வெளியேற வேண்டிய வழியும் அதே கதவுதான் என்பதால், அந்தப் பூட்டு எப்படி இயங்குகிறது என்பதைப் பள்ளி நிர்வாகங்களும் சான்று வழங்கும் அதிகாரிகளும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இவ்வகைப் பூட்டு, மின்சாரம் பாயும் வரையில் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் விட்டுவிடும். பரவலாக விற்கப்படும் ஒரு வகையின் பிடிப்பு விசை 1,200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 540 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் முழுப் பலத்தோடு தள்ளினாலும் அது அசையாது. மின்சாரம் போனால் தானே திறந்துகொள்ளும் என்பதுதான் இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம், அது உண்மையே. ஆனால் மின்தடைக்குப் பழகிய நம் ஊர்களில் பூட்டுக்கும் பேட்டரியோ இன்வெர்ட்டரோ இணைக்கப்படுவது இயல்பு. அப்படி இணைத்துவிட்டால், தீ விபத்தின்போது மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கதவு பூட்டியே இருக்கும். ஆகவே, தீ எச்சரிக்கை மணி ஒலித்த கணத்தில், பேட்டரி இணைப்பையும் சேர்த்துப் பூட்டின் மின்னோட்டம் முழுவதும் துண்டிக்கப்படுமாறு அமைப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். மணி ஒலிக்காமல் போனாலும் வெளியேற இயலுமாறு, மின்னோட்டத்தை நேரடியாகத் துண்டிக்கும் அவசரப் பொத்தான் ஒன்று கதவருகிலேயே இருக்க வேண்டும். காவலாளியின் அட்டையையோ சாவியையோ எதிர்பார்த்து நிற்கும் கதவை அவசர வழி என்று அழைக்கவே கூடாது.

1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகர அரங்கம் ஒன்றில், மாடிப்படியின் அடியில் உள்நோக்கித் திறந்த கதவு, ஒரு பிள்ளை மட்டுமே நுழையும் இடைவெளியோடு தாழிடப்பட்டிருந்ததால் 183 குழந்தைகள் நெரிசலில் மூச்சுத் திணறி இறந்தனர். அங்கே தீ கூட இல்லை. தள்ளினால் திறக்கும் குறுக்குக் கம்பி கொண்ட கதவுகள் உருவாக அந்தத் துயரமே தூண்டுகோலாயிற்று. நமக்கோ, 94 குழந்தைகளைப் பறிகொடுத்த 2004 ஜூலை 16 கும்பகோணம் தீ விபத்து இன்னும் ஆறாத புண். அதையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பு, பாதுகாப்பான பள்ளிக் கட்டடமும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று தெளிவுபடுத்தியது.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். தீத்தடுப்புக் கதவுகள் கனமானவை. தாமே மூடிக்கொள்ளும் விசை பொருத்தப்பட்டவை. அவற்றைத் தனியே திறக்க முடியாத பிள்ளைக்காக யாரேனும் கதவுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்தால், தீப்பிடிக்கும்போது புகையைத் தடுக்க வேண்டிய கதவு விரியத் திறந்து கிடக்கும். வழக்கமான நேரத்தில் கதவைத் திறந்தபடி காந்தத்தால் பிடித்து வைத்து, மணி ஒலித்ததும் விடுவித்து மூடச் செய்யும் கருவி இதற்கு நல்ல தீர்வு. மூடிய பிறகு அதைத் தாண்டிச் செல்ல, அமர்ந்தபடி கை எட்டும் உயரத்தில், லேசாக அழுத்தினாலே கதவைத் திறந்துவிடும் பொத்தானும், மின்தடையிலும் அது இயங்குவதற்கான ஏற்பாடும் தேவை. காது கேளாத பிள்ளைகளுக்கு மணியோடு மின்னும் விளக்கும் வேண்டும். கல்வி நிறுவனங்களின் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே கூறுகிறது. பள்ளிகள் பலவும் நுழைவாயிலில் சாய்தளம் அமைப்பதோடு அந்தக் கடமை முடிந்துவிட்டதாகக் கருதுவது வருந்தத்தக்கது.

பள்ளி அங்கீகாரத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படுகிறது. மின்பூட்டு உள்ள பள்ளிகளில் அச்சான்றுக்கான ஆய்வின்போது, இன்வெர்ட்டர் இயங்கும் நிலையிலேயே மணியை ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு கதவும் திறக்கிறதா என்று நேரில் சோதிக்க வேண்டும் என அரசைக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுதோறும் நடத்தும் ஒத்திகையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்துவிடாமல் அவர்களையும் பங்கேற்கச் செய்ய வேண்டும். சோதனையில் திறக்காத பூட்டை அன்றே கழற்றச் சொல்லும் அதிகாரமும் ஆய்வு அலுவலருக்கு வழங்கப்பட வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மின் பொறியாளர் ஒருவர்,
தஞ்சாவூர்.