ஹீம் இல்லாத குழி: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாநிலப் பல்கலைக்கழகங்களின் உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம், மருந்தியல் பாடத்திட்டக் குழுக்களின் தலைவர்களும் உறுப்பினர்களும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் கூடலூரில் வசிப்பவன். முதுநிலை மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வேடுகளுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். நான் பணிபுரியும் கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. கணினியில் மருந்து தேடும் ஆய்வேடுகளைப் பற்றி இங்கே சொல்லப்போகும் பிழை அந்தக் கல்லூரிக்கு மட்டும் உரியதன்று, அதில் முதல் பங்கும் என்னுடையதே.

பந்தலூரைத் தாண்டி, வயநாட்டு எல்லைக்கு அருகிலுள்ள ஒரு பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி ஒருவர் ஆய்வுக்குத் தாமாகவே ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய தம்பிக்கு அரிவாள் செல் இரத்தசோகை. மழைக்காலத்தில் கைகால் வலி தாங்காமல் அந்தப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜீப் வரும் சாலைவரை நடந்த கதையை அவர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். இந்நோய் எங்கள் மலைக்குப் புதியதன்று. தென்னிந்தியாவில் இந்த மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952இல் முதன்முதலாகப் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில்தான். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த ஒரு பெண் தம் வீட்டு நோயின் புரதத்தைக் கணினியில் திறந்து பார்க்க விரும்பியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நோயின் அடிப்படையை நீங்கள் அறிவீர்கள். இம்மடலைப் பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹீமோகுளோபின் என்பது 2 ஆல்பாச் சங்கிலிகளும் 2 பீட்டாச் சங்கிலிகளும் சேர்ந்த புரதம். ஒவ்வொரு சங்கிலியின் குழியிலும் ஹீம் என்ற தட்டையான வளையம் இரும்பு அணுவோடு அமர்ந்திருக்கிறது. ஆக்சிஜனைப் பிடிப்பது அதுதான். பீட்டாச் சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் 6ஆவதாக இருக்க வேண்டிய குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வந்துவிடுவதே இந்நோய். ஆக்சிஜனை விட்டுவிட்ட நிலையில் அந்த வாலின் பக்கத்து மூலக்கூற்றிலுள்ள ஒரு சிறு பள்ளத்தில் போய்ச் செருகிக்கொள்ள, ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகள் உருவாகி, சிவப்பணு அரிவாள்போல வளைகிறது. தனி மூலக்கூறாக எடுத்துப் பார்த்தால் நோயுள்ள ஹீமோகுளோபினும் நோயற்றதும் வடிவத்தில் ஏறத்தாழ ஒன்றே. அடுத்ததோடு அது சேரும் விதத்தில்தான் நோய் இருக்கிறது.

மாணவி செய்தது, இன்று தமிழ்நாட்டில் எண்ணற்ற ஆய்வேடுகளில் செய்யப்படுவதுதான். புரதங்களின் வடிவத்தைக் கணினியால் கணித்துச் சேர்த்துவைத்திருக்கும் ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்திலிருந்து மனிதப் பீட்டாச் சங்கிலியின் மாதிரியை இறக்கினார். 6ஆம் இடத்தை வாலினாக மாற்றினார். தம் வீட்டு வேலியோரம் வளரும் ஒரு மூலிகையில் இருப்பதாக நூல்கள் சொல்லும் 42 மூலக்கூறுகளை இலவச டாக்கிங் மென்பொருளில், அதாவது ஒரு மூலக்கூறு புரதத்தில் எங்கே, எவ்வளவு நன்றாக ஒட்டும் என்று கணிக்கும் மென்பொருளில், ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். மின்சாரம் போகாத இரவுகளில் விடுதியின் பழைய கணினியில் ஓடிய வேலை அது. ஒரு மூலக்கூறு -9.2 கிலோகலோரி மதிப்பெண் பெற்றது (எதிர்மறை எண் பெரிதாக ஆக ஒட்டும் வலிமை கூடுதல் என்று பொருள்). ‘அரிவாள் செல் நோய்க்கான மூலிகை மருந்து’ என்று தலைப்பிட்டு ஆய்வேட்டைக் கட்டினோம். பணம் வாங்கி அச்சிடும் ஓர் ஆய்விதழில் கட்டுரையும் வந்தது. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் வண்ணப்படங்களைப் பாராட்டி உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார்.

அன்று வராந்தாவில் காத்திருந்த மாணவியின் தாயார் என்னிடம் கேட்டார்: “சாரே, பாப்பா கண்டுபிடிச்ச மருந்து ஆஸ்பத்திரிக்கு எப்ப வரும்?”

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அந்தக் கேள்வி உறுத்தியதால்தான் அன்றிரவு கோப்புகளை முதன்முறையாக நானே திறந்து பார்த்தேன்.

முதல் பிழை 5 நிமிடத்தில் தெரிந்தது. மரபணுவிலிருந்து படிக்கப்படும் பீட்டாச் சங்கிலி மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குகிறது; உடலில் அது வெட்டி நீக்கப்பட்டுவிடும். மருத்துவ நூல்கள் நீக்கிய பின் எண்ணுகின்றன, தரவுத்தளமோ நீக்காமல் எண்ணுகிறது. ஆகவே நூலில் 6ஆவது என்பது கோப்பில் 7ஆவது. மாணவி கோப்பின் 6ஆம் இடத்தை மாற்றியிருந்தார்; அங்கே இருந்தது புரோலின் என்ற வேறோர் அமினோ அமிலம். குளூட்டாமிக் அமிலம் தன் இடத்திலேயே நலமாக இருந்தது. உலகில் எவருக்கும் இல்லாத ஒரு நோய்க்கு நாங்கள் மருந்து தேடியிருக்கிறோம்.

இரண்டாம் பிழையைக் காண இன்னும் சற்று நேரம் பிடித்தது. அந்தத் தரவுத்தள மாதிரிகளில் அமினோ அமிலச் சங்கிலி மட்டுமே உண்டு. ஹீம் போன்ற துணை மூலக்கூறுகள் இரா. ஆனால் சங்கிலியோ ஹீம் உள்ளே இருப்பதுபோலவே மடிந்து நிற்கும். ஆள் எழுந்துபோன நாற்காலிபோல அந்தக் குழி காலியாகக் கிடக்க, எங்கள் 42 மூலக்கூறுகளில் தட்டையாகவும் பெரிதாகவும் இருந்தது அதில் போய்ச் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. -9.2 வந்தது அதனால்தான். உடலில் அந்த இடம் ஒருபோதும் காலியாக இருப்பதில்லை. மாதிரியின் படம் முழுவதும் அடர்நீலமாக, அதாவது மிக உயர்ந்த நம்பகத்தன்மையைக் காட்டும் நிறத்தில் இருந்ததால் எங்களுக்கு எந்த ஐயமும் எழவில்லை. அந்த நிறம் சங்கிலியின் மடிப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்பதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில்லை. பாடத்திட்டத்திலும் அது இல்லை.

இந்தக் கணினி முறைகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. மேக்ஸ் பெருட்ஸ் 1937இல் தொடங்கி, ஹீமோகுளோபினின் வடிவத்தை எக்ஸ் கதிர்களால் கண்டறிய 1959 ஆயிற்று. இன்று எங்கள் விடுதிக் கணினியில் அதைப் போன்ற 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகளை இலவசமாகத் திறக்க முடிகிறது. கணினியில் புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும், ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கும் 2024இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது முற்றிலும் தகும். கணினி வழிகாட்டி உண்மையிலேயே மருந்து பிறந்ததும் உண்டு. இன்ஃபுளுவென்சா காய்ச்சல் வைரஸின் நியூராமினிடேஸ் என்ற நொதியின் வடிவம் தெரிந்தபின், அதன் பள்ளத்தில் எந்த வகை வேதிக்குழு நன்றாக ஒட்டும் என்று கணினி காட்டிய குறிப்பை வைத்து உருவானதே 1999இல் ஒப்புதல் பெற்ற ஸனாமிவிர் என்ற மருந்து. ஆனால் அங்கே கணினிக் குறிப்புக்குப் பின் மூலக்கூற்றைச் சமைத்தார்கள், நொதியோடு சோதித்தார்கள், விலங்கிலும் மனிதரிலும் பார்த்தார்கள். நாங்கள் குறிப்போடு நிறுத்திவிட்டு அதற்கு மருந்து என்று பெயர் வைக்கிறோம்.

டாக்கிங் மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மென்பொருள்களின் கணிப்பில் வழக்கமாக இருக்கும் பிழையே 2 முதல் 3 கிலோகலோரி வரை. ஏறத்தாழ 1.4 கிலோகலோரி வேறுபட்டாலே ஒட்டும் வலிமை 10 மடங்கு மாறும். அப்படியிருக்க -9.2 பெற்றது முதலிடம், -8.6 பெற்றது மூன்றாமிடம் என்று அட்டவணை போடுவது, காய்கறிக் கடைத் தராசில் தங்கம் நிறுப்பதுதான். மூலக்கூறு பெரிதாக ஆக மதிப்பெண்ணும் ஏறும் என்பதால், எந்த நோயின் புரதத்தை எடுத்தாலும் அதே சில தாவரச் சேர்மங்களே முதலிடத்துக்கு வருவதை நீங்களும் மதிப்பிட்ட ஆய்வேடுகளில் பார்த்திருப்பீர்கள்.

நன்றாக ஒட்டினால் மட்டும் போதுமா என்பதற்கு இதே நோயில் கசப்பான பாடம் ஒன்று உண்டு. வோக்செலோடர் என்ற மருந்து ஹீமோகுளோபினின் வடிவத்தைப் பார்த்தே வடிவமைக்கப்பட்டது. ஆல்பாச் சங்கிலியின் தொடக்க முனையில், எதிர்பார்த்த இடத்திலேயே, மீளக்கூடிய வேதிப்பிணைப்போடு ஒட்டியது. (எங்கள் மென்பொருளின் வழக்கமான அமைப்பு அத்தகைய பிணைப்பைக் கணக்கில் கொள்ளவே கொள்ளாது.) நோயாளிகளின் ஹீமோகுளோபின் அளவும் உயர்ந்தது, 2019 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆயினும் வலி நெருக்கடிகளும் இறப்புகளும் கூடுவதாகத் தரவுகள் காட்டியதால் 2024 செப்டம்பரில் அது சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. மறுபுறம், இன்று இந்நோயில் பலருக்கும் கைகொடுக்கும் ஹைட்ராக்சியூரியா 1869இலேயே தயாரிக்கப்பட்ட சின்னஞ்சிறு மூலக்கூறு. எந்தப் புரதக் குழியையும் பார்த்து அதை யாரும் வடிவமைக்கவில்லை. அந்தத் தாயாருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த மாத்திரையைத் தவறாமல் கொடுப்பதைப் பற்றித்தான்.

ஆகவே என் வேண்டுகோள். டாக்கிங் செய்யும் எந்த ஆய்வேடும், சோதனையால் வடிவம் அறியப்பட்ட புரதத்தில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மூலக்கூற்றை எடுத்து மீண்டும் பொருத்திக் காட்ட வேண்டும்; பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ரத்துக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அது வந்து அமராவிட்டால் மற்ற மதிப்பெண்களை அச்சிடக் கூடாது. ஒட்டாது என்று தெரிந்த மூலக்கூறுகளையும் கலந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். மாதிரியில் எது இல்லை என்பதற்குத் தனி ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். புரத மாதிரி சரியா என்று பார்க்க உலகமே பயன்படுத்தும் வரைபடம் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களும் தந்தது. அதைத் தேர்வில் 2 மதிப்பெண் வினாவாக மட்டும் வைத்திருப்பது நமக்கு அழகில்லை, ஒவ்வொரு மாதிரிக்கும் அதை வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

இவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை. செலவுள்ளது ஒன்றும் கேட்கிறேன். எங்களைப் போன்ற எல்லையோரக் கல்லூரிகளில் ஈரச் சோதனைக்கு, அதாவது ஆய்வகத்தில் வேதிப்பொருள்களைக் கொண்டு நேரடியாகச் செய்யும் சோதனைக்கு, வசதி கிடையாது. ஆதலால்தான் கணினியோடு நின்றுவிடுகிறோம். அரிவாள் ஹீமோகுளோபின் கரைதிறன் சோதனை எளியது: கரைசல் கலங்கினால் குழாய்க்குப் பின்னால் பிடித்த கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மனித இரத்தத்தைக் கையாள நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கணினியில் தேறிய ஒன்றிரண்டு மூலக்கூறுகளையாவது அத்தகைய இடத்தில் சோதிக்கப் பருவத்துக்குச் சில நாட்கள் ஒதுக்கும் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகம்தான் செய்ய முடியும். அங்கே பலிக்கவில்லை என்று முடியும் ஆய்வேட்டுக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று விதிமுறையில் எழுதுங்கள். அது இல்லாதவரை எந்த மாணவரும் உண்மையை எழுதத் துணியமாட்டார்.

நோயாளிகளைப் பற்றிய ஆய்வேடு எதுவாயினும், அவர்கள் படிக்கும்படியான ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக இருக்கட்டும்.

அந்த மாணவி இப்போது ஹீமோடும் நான்கு சங்கிலிகளோடும், சரியான இடத்தில் வாலினோடும் வேலையை மீண்டும் செய்து முடித்திருக்கிறார். அந்த மூலிகை மூலக்கூறு இம்முறை எங்கும் சொல்லும்படி ஒட்டவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டு ஆய்விதழுக்கு நாங்கள் இருவரும் எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. தமிழ்ச் சுருக்கத்தை அவரே எழுதித் தம் குடியிருப்பில் வாசித்துக் காட்டினார். “நான் கண்டுபிடித்தது மருந்து இல்லை” என்று அது தொடங்குகிறது. குழு விரும்பினால் அதன் படியை அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஆய்வேட்டு வழிகாட்டி ஒருவர்
கூடலூர், நீலகிரி மாவட்டம்