மருத்துவப் பள்ளிச் சேர்க்கைக் குழுவினருக்கு: வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளைக் கேளுங்கள்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளிக்கும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளிக்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு வணக்கம்.

ஈசூனில் பல வருஷமாக வீட்டிலேயே அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். டாக்டராக ஆசைப்படும் பிள்ளைகள் படும் பாட்டைக் கிட்டே இருந்து பார்க்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வில் முழு மதிப்பெண், மருத்துவப் படிப்புக்கான யூகேட் (UCAT) திறனறித் தேர்வு, தன் அனுபவங்களைத் தொகுத்துக் கொடுக்கும் போர்ட்ஃபோலியோ, அப்புறம் நேர்முகம். சரி, இத்தனை பேர் போட்டி போடும் இடத்தில் வடிகட்டித்தான் ஆகவேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. என் கவலை அந்த போர்ட்ஃபோலியோவைப் பற்றித்தான்.

கந்த சஷ்டி சமயம் எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி மயங்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸில் ஜூனியர் காலேஜ் படிக்கும் பேத்தி போனாள், பின்னாலேயே டாக்சி பிடித்து நானும் போனேன். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் பொறுமையானவர்தான், ஆனால் பாட்டிக்குத் தமிழும் கொஞ்சம் கடைத்தெரு மலாயும்தான் வரும். ரத்தத்தில் சர்க்கரை ஏன் இப்படி இறங்கியது என்று அவர் கேட்க, "காலையில ஊசி போட்டேனே" என்பதோடு பாட்டி நிறுத்திக்கொண்டார். பேத்திதான் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். தினமும் காலையும் இரவும் பார்த்த சர்க்கரை அளவு, இன்சுலின் எத்தனை யூனிட், எல்லாம் தேதி வாரியாக அவள் கையெழுத்தில் இருந்தது. பாட்டி விரதம், நேற்று இரவு ஒரு டம்ளர் பாலோடு சரி, ஆனால் ஊசியை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார் என்று அவள் சொன்ன பிறகுதான் டாக்டருக்கு விஷயம் பிடிபட்டது. அட்மிஷன் கவுண்டரில் மானியம் உள்ள பி2 வார்டா சி வார்டா என்று கேட்டபோதும், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. வார்டில் படுக்கை கிடைக்கும்வரை ராத்திரி முழுக்க டிராலி பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு அவள் போர்ட்ஃபோலியோ எழுதியபோது இதில் ஒரு வரிகூட இல்லை. கேட்டால், "அதெல்லாம் வீட்டு வேலைதானே டீச்சர்" என்கிறாள்! ஒரு மருத்துவரோடு சில நாள் கூடவே இருந்து பார்த்தது, வெளிநாட்டுத் தொண்டூழியம், ஆய்வுத் திட்டம், இவைதான் எழுதத் தகுந்தவை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். குடும்பத்தில் ஒரு டாக்டர் இருந்தால் முதல் வாய்ப்பு சுலபமாகக் கிடைத்துவிடும், மூவறை வீட்டில் பாட்டியோடு இருக்கும் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

மதிப்பெண்ணைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் நோயாளி, முதியவர், உடற்குறை உள்ளவர் யாரையாவது பார்த்துக்கொள்கிறாயா, என்ன செய்கிறாய் என்று படிவத்திலேயே நேரடியாகக் கேளுங்கள். கேட்டால்தான் இந்தப் பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள். பொய் சொல்ல மாட்டார்களா என்றால், பாலிகிளினிக் தாதியோ மருத்துவச் சமூக சேவையாளரோ சான்று தரலாம், நேர்முகத்தில் இரண்டு கேள்வி துருவிக் கேட்டாலே உண்மை தெரிந்துவிடும். ஊசியை எந்த இடத்தில் போடுவாய், ஏன் இடத்தை மாற்றுவாய் என்று கேட்டுப் பாருங்கள். செய்து பழகிய பிள்ளை யோசிக்காமல் சொல்லும்.

விதிகள் மாறாதவை என்றும் இல்லை. 1979இல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்று வரம்பு வைத்தார்கள், 2002இல் அதை எடுத்துவிட முடிவு செய்தார்கள். இத்தனைக்கும் 1905இல் தொடங்கிய நம் முதல் மருத்துவப் பள்ளியே வணிகர் டான் ஜியாக் கிம் போன்றவர்கள் ஊராரிடம் திரட்டிய 87,077 வெள்ளியில் எழுந்தது. இன்றும் படிப்புச் செலவில் பெரும்பகுதி பொதுப்பணம், அதனால்தான் படித்து முடித்த சிங்கப்பூரர்களுக்குப் பொதுத்துறை மருத்துவமனைகளில் வேலை செய்ய 5 வருஷ ஒப்பந்தம். அந்த வருஷங்களில் அவர்கள் பார்க்கப்போவது இந்தப் பாட்டி மாதிரி ஆட்களைத்தான்.

அடுத்த ஏ லெவல் முடிவுகள் வருவதற்குள் அந்த ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்துவிடுங்கள். எழுதச் சொல்லி என் பிள்ளைகளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.