மாமா வீட்டு அட்வான்ஸ்

அன்புள்ள கண்ணா,

குடும்பக் குழுவில் நீ போட்ட செய்தியைப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டாய், ஆனால் அதற்குள் அத்தை படித்துவிட்டாள். "மாமா அட்வான்ஸை விழுங்கிவிட்டார்" என்று எழுதியிருக்க வேண்டாம். போனில் பேசினால் நாம் இருவரும் கத்துவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மாமா வீட்டுக்கு வாடகைக்குக் குடிபோகும்போது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டவன் நீ. "மாமாவிடம் போய்ப் பத்திரம் கேட்பாயா?" என்று உன் வாயை அடைத்தவள் நான். 3 மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தாய், அதற்கு ஒரு ரசீதுகூட இல்லை. அந்நியர் வீடென்றால் நானே முன்னால் நின்று எழுதி வாங்கியிருப்பேன்.

இப்போது நீ காலி செய்த பிறகு மாமா ஒரு கணக்குச் சொல்கிறான். பெயிண்ட், குளியலறைக் கதவு, சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரி, ஜன்னல் கண்ணாடி. எல்லாம் கூட்டினால் அட்வான்ஸ் சரியாகத் தீர்ந்துவிட்டதாம். ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்தக் கொத்தனாரும் பெயிண்டரும் இவ்வளவு கச்சிதமாகச் செலவு வைத்து நான் பார்த்ததில்லை. பில் எங்கே என்று கேட்டேன். "அக்கா, நீயுமா?" என்றான். ஆமாம், நானும்தான் என்றேன்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய போனைத் தேடி எடுத்து சார்ஜ் போட்டேன். நீ குடிபோன அன்றைக்கு, "அம்மா, வீட்டைப் பார்" என்று அறை அறையாக நடந்து வீடியோ எடுத்து அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? தேதியோடு அப்படியே இருக்கிறது. பட்டியல் எழுதாத நமக்கு அதுதான் பட்டியல். நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

குளியலறைக் கதவின் அடிப்பக்கம் அன்றைக்கே கறுத்து உப்பியிருந்தது. அதற்கு நீ பொறுப்பில்லை. மாமாவுக்கும் அந்த இடத்தை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை, ஆனால் பார்த்துவிட்டான்.

அதே வீடியோவில் கூடத்து ஜன்னல் கண்ணாடியும் தெரிகிறது. வெயில் விழுந்து பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல். "நான் வரும்போதே விரிசல் இருந்தது" என்று என்னிடம் சொன்னாய். மறந்து சொன்னாயா, தெரிந்தே சொன்னாயா என்று கேட்கப் போவதில்லை. கண்ணாடி தேய்ந்து விரிசல் விடாது. அது முழுக்க உன் கணக்கு.

பெயிண்டுக்கு வருகிறேன். நீ குடிபோவதற்குச் சற்று முன்புதான் அடித்தார்கள், 4 வருஷம் இருந்தாய். சுவர் மங்குவதும், ஸ்விட்ச் பக்கம் கைபட்டு அழுக்காவதும், படம் மாட்டிய சின்ன ஆணித்துளையும் குடியிருந்தால் வரும் தேய்மானம். அதற்குத்தானே மாதாமாதம் வாடகை கொடுத்தாய். ஆனால் டிவி மாட்ட நீ போட்ட பெரிய ஓட்டைகளைப் பட்டி பூசி அடைக்க வேண்டும். படுக்கையறையைக் கேட்காமல் கொள்ளாமல் கருநீலம் அடித்தாயே, அதை மறைக்கப் பிரைமரும் கூடுதலாக ஒரு கோட்டும் பிடிக்கும். இந்த இரண்டையும் நீ கொடு. 4 வருஷம் ஓடிய பெயிண்டை எப்படியும் மாமா மறுபடி அடிக்க வேண்டியதுதான், மற்ற அறைகளின் செலவை உன் தலையில் கட்ட விடமாட்டேன்.

அலமாரிதான் எனக்கும் குழப்பம். குழாய் இணைப்பு பழசாகிக் கசிந்தது, அது வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது. ஆனால் நீ சொன்னால்தானே அவனுக்குத் தெரியும்? கசிவைப் பார்த்த அன்றே ஒரு செய்தி போட்டிருந்தால் ஒரு வாஷரோடு முடிந்திருக்கும். பாத்திரம் வைத்துச் சமாளித்தாய், மாசக்கணக்கில். தண்ணீர் குடித்த பிளைவுட் உப்பிவிட்டால் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "குறைந்த வாடகைக்குக் கொடுத்திருக்கிறார், அதையும் இதையும் எப்படிக் கேட்பது" என்றாய். வேறு யார் வீடாவது இருந்தால் அன்றைக்கே போன் போட்டுச் சண்டை பிடித்திருப்பாய். இப்படிக் கூச்சப்பட்டே அலமாரி போய்விட்டது. என் முடிவு, ஆளுக்குப் பாதி. அதுவும் புது அலமாரியின் விலையில் இல்லை. அது 12 வருஷப் பழசு, பழசுக்கு என்ன மதிப்போ அதில் பாதி.

மாமாவும் அந்த வாடகைப் பேச்சைத்தான் எடுக்கிறான். "வெளியில் விட்டிருந்தால் இன்னும் எவ்வளவு வந்திருக்கும் தெரியுமா" என்கிறான். தெரியும். ஆனால் அது அவன் மனசாரக் கொடுத்தது. கொடுத்ததை 4 வருஷம் கழித்து அட்வான்ஸில் கழித்துக்கொள்ள முடியாது. அட்வான்ஸ் உன் பணம், அவனிடம் இருந்தது, அவ்வளவுதான். இதை அவனிடமும் சொல்லிவிட்டேன், முகம் சிவந்தது.

நீயும் ஒன்று செய்தாய். கடைசி மாத வாடகையைக் கொடுக்காமல், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும்" என்று நீயாகவே முடிவு செய்தாய். அவனிடம் கேட்கவில்லை. அந்த ஒரு மாதத்தை முதலில் எடுத்துவிட்டால் இருப்பது 2 மாதப் பணம். நீ திருப்பிக் கேட்கும் தொகையில் அந்த ஒரு மாதத்தைக் கழிக்கவில்லையே?

இன்னொன்று. சாவியை மாமாவிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாய். நான் முழங்கால் வலியில் 10 நாள் கழித்துத்தான் கொடுத்தேன். காலி செய்யும் அன்று நீங்கள் இருவரும் ஒன்றாக வீட்டைச் சுற்றிப் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. அந்த 10 நாளில் எது உடைந்திருந்தாலும் அது என் கணக்கில்தான் வரும், சிரிக்காதே.

வக்கீல் நோட்டீஸ் என்று பேசாதே. வக்கீலிடம் போனாலும் இதையேதான் கேட்பார்: குடிபோகும்போது எப்படி இருந்தது, காலி செய்யும்போது எப்படி இருந்தது, பில் எங்கே. ஞாயிற்றுக்கிழமைக்குள் மாமா பில்களைத் தருகிறேன் என்றிருக்கிறான். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக, யார் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதுவோம். மூன்று பேரும் கையெழுத்துப் போடுவோம். இந்தத் தடவை நான் யார் வாயையும் அடைக்கப் போவதில்லை.

அத்தைக்குத் தனியாக ஒரு போன் போடு. பணத்தைப் பற்றிப் பேசாதே.

அப்புறம், படுக்கையறை அலமாரியின் சாவி உன் கொத்திலேயே போய்விட்டதாம். அதைக் கூரியரில் அனுப்பிவிடு, இல்லையென்றால் அந்தப் பூட்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா