கத்திக்கு வெயில் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வாசகர் வீட்டுப் பழம்பொருட்களின் படங்களைத் தாங்கள் போட ஆரம்பித்ததிலிருந்து நான் முதலில் பிரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். சென்ற வாரம் திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒருவர் பாளை அரிவாள் படம் அனுப்பியிருந்தார். பனையேறிகள் பாளை சீவும் அந்த அரிவாள் இப்போது கண்ணில் படுவதே அபூர்வம். ஆனால் படத்தில் அலகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்தான் இருந்தது. வாய் (வெட்டும் விளிம்பு) எது, முதுகு எது என்று தெரியவில்லை. பக்கத்திலேயே வந்திருந்த பாக்குவெட்டிக்கும் அதே கதி. அனுப்பியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கத்தியைப் படம் எடுப்பது கொஞ்சம் முரட்டு வேலை. அதன் சூட்சுமம் தெரிந்துவிட்டால் யாரும் எடுக்கலாம் என்பதால், எனக்குத் தெரிந்ததை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரன். பேனாக்கத்தி, பாக்குவெட்டி, அரிவாள்மனை, பாளை அரிவாள் என்று பழைய வெட்டுக் கருவிகளைச் சேர்த்து வருகிறேன். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அளவும் கிடைத்த ஊரும் எழுதி நோட்டில் ஒட்டி வைப்பது வழக்கம். என்னிடம் இருப்பது சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் சின்ன டிஜிட்டல் கேமரா. இன்றைக்கு எல்லார் கையிலும் உள்ள செல்போன் அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆகவே விலை கூடிய கேமரா வேண்டும் என்ற பேச்சை விட்டுவிடலாம். ஒரு வெள்ளை வேட்டியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

தீட்டிய இரும்பு முகம் பார்க்கும் கண்ணாடியைப் போன்றது. எதிரே இருப்பதைத்தான் அது காட்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்தால், லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் வெளிச்சம் தட்டையான அலகில் பட்டு, போன வழியே திரும்பி லென்ஸுக்குள்ளேயே வந்து விழுகிறது. அதுதான் அந்த வெள்ளைத் தீற்றல். எனவே ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். 'வெளிச்சம் நன்றாக இருக்கிறதே' என்று முற்றத்து வெயிலில் வைத்து எடுப்பதும் இதே தவறுதான். சூரியன் கத்தியின் கண்ணுக்குப் பெரிய வானத்தில் ஒரு சின்னப் புள்ளி. அலகில் ஒரு இடம் கண்ணைப் பறிக்கும், மற்ற இடம் கறுத்துப் போகும். சித்திரை மாத மத்தியான வெயிலில் வெளிறிப் போகாத கத்தி கிடையாது.

கத்தி பார்க்க வேண்டியது பெரிய, வெள்ளையான, மென்மையான ஒரு பரப்பு. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பொதிகை மலை மேல் மேகம் இறங்கிச் சாரல் பிடிக்கும்போது வானம் முழுவதும் அப்படித்தான் இருக்கும். திண்ணையில் வைத்து எடுத்தாலே அலகு வெள்ளிபோல் ஒரே சீராக வரும். (ஈரக்காற்று துருவுக்கு நண்பன். எடுத்த கையோடு துடைத்து எண்ணெய் தடவி உள்ளே வைத்துவிட வேண்டும்.) மற்ற மாதங்களில் அந்த வானத்தை நாமே செய்துகொள்ளலாம். வெயில் நேரடியாக விழாத சன்னல் ஓரம் ஒரு மேசை. சன்னலுக்கும் கத்திக்கும் நடுவே துவைத்த வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கொடியில் தொங்கவிடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள். வேட்டி வழியாக வரும் வெளிச்சம் அட்டையில் பட்டு, நிழல் விழுந்த பக்கத்துக்கும் திரும்பி வரும். அறையில் டியூப்லைட் எரிந்தால் அணைத்துவிட வேண்டும். சன்னல் வெளிச்சமும் அதுவும் கலந்தால் எலும்புப் பிடியும் தந்தப் பிடியும் ஒரு பக்கம் நீலமும் மறு பக்கம் பச்சையுமாகத் தெரியும்.

அப்புறம் அவசரப்பட்டு பொத்தானை அமுக்காமல், கேமரா இருக்கப்போகும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். அலகில் என்னென்ன தெரிகிறது? சன்னல் கம்பி தெரியலாம், ஓட்டு வளை தெரியலாம், நீங்கள் போட்டிருக்கும் கட்டம் போட்ட சட்டையே தெரியலாம். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஒரு வெள்ளை சார்ட் அட்டையின் நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாகப் படம் எடுங்கள். கத்தி உங்களுக்குப் பதில் அட்டையைப் பார்க்கும். அந்த ஓட்டையே கறுப்புப் பொட்டாக அலகில் தெரிந்தால், முதுகுக்கு அடியில் ஒரு தீக்குச்சியைச் சொருகுங்கள். அந்தச் சின்னச் சாய்வில் பொட்டு விலகிவிடும்.

எல்லாம் வெள்ளையாகிவிட்டால் அலகுக்கு உருவம் இல்லாமல் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். நடு முதுகிலிருந்து வாய்வரை இரும்பு எப்படிச் சரிந்து மெலிகிறது என்பதில்தான் கொல்லரின் கை இருக்கிறது. அதைக் காட்ட, தபால் கார்டு அளவில் ஒரு கறுப்புக் காகிதத்தை அலகுக்குப் பக்கமாக, படத்தில் விழாதபடி பிடித்து, மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஒரு கறுப்புக் கோடு அலகில் ஏறி, சரிவு மாறும் இடத்தில் நின்று, வாயை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டும். எனக்கு இதில்தான் எல்லாச் சந்தோஷமும். பட்டறையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து, ராவித் தீட்டிய அத்தனை வேலையும் அந்த ஒரு கோட்டில் வெளியே வந்துவிடும்.

கீழே எதை விரிப்பது? பத்தமடைப் பாய் நம் பெருமைதான். ஆனால் கோரையின் வரிகள் கண்ணை இழுத்துக்கொள்ளும், கேமராவும் கத்தியை விட்டுவிட்டுப் பாயைப் பிடிக்கும். பளிச்சென்ற வெள்ளைத் துணியும் வேண்டாம், கறுப்பு வெல்வெட்டும் வேண்டாம். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை விரிப்பில் படம் மங்கி இருட்டாகும், கறுப்பு விரிப்பில் அலகு வெளுத்துவிடும். பிளஸ், மைனஸ் குறி போட்ட அமைப்பால் இதைத் திருத்தலாம், வெள்ளைக்குக் கூட்ட வேண்டும், கறுப்புக்குக் குறைக்க வேண்டும். ஆனால் பழைய சாம்பல் நிற பேன்ட் துணி ஒன்றை விரித்துவிட்டால் இந்த வில்லங்கமே இல்லை. அலகு கறுத்து வாய் மட்டும் மின்னும் அரிவாளுக்கு அதுதான் தோது. கத்தியைத் துணியில் படுக்கவைக்காமல், அடியில் இரண்டு அழிரப்பர் துண்டுகளை மறைத்து வைத்துத் தூக்கிவிட்டால் நிழல் தள்ளிப் போய் மெல்லியதாக விழும், விளிம்பு துலக்கமாகத் தெரியும்.

கேமராவைக் கத்திக்கு மிக அருகில் கொண்டுபோகக் கூடாது. அப்படிச் செய்தால் கிட்டே இருக்கும் முனை பருத்து, பிடி சூம்பிப் போகும். ஒரு எட்டுத் தள்ளி நின்று ஜூமைக் கொஞ்சம் கூட்டுங்கள். கையில் பிடித்து எடுக்கவும் வேண்டாம். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பலகை போட்டு, அதன் விளிம்பில் கேமராவைக் கவிழ்த்து வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு விலகிக்கொள்ளலாம். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் படம் அசையாது. கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்று வைக்கும் ஐஎஸ்ஓ எண் 100 போதும்.

முத்திரையைத் தனியாக எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய பேனாக்கத்திகளில் மடிப்புக்குக் கிட்டே, அலகின் அடியில் எழுத்து இருக்கும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் கத்தி என்றால் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தியிருப்பார்கள். அந்தப் பேருக்குப் போலிகள் அந்தக் காலத்திலேயே ஏராளம் என்பதால் முத்திரை தெரியாத படத்தால் பயனில்லை. நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் எழுத்துக்குப் பதில் உளியால் புள்ளியோ கோடோ கொத்தியிருப்பார்கள். என்னிடம் உள்ள ஒரு பாக்குவெட்டியின் உள்பக்கம் மூன்று புள்ளியும் ஒரு பிறையும் இருக்கின்றன. தேய்ந்துபோய், நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இங்கே மட்டும் வேட்டியை விலக்கிவிட்டு, ஒரு சின்ன டார்ச்சை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்குள்ளும் நிழல் தங்கி, புள்ளிகள் எழுந்து நிற்கும். கேமராவில் பூ அடையாளம் போட்ட மேக்ரோவில் வைத்து, பொத்தானைப் பாதி அமுக்கி முத்திரைமேல் ஃபோகஸை நிறுத்திவிட்டு, பிறகு முழுதும் அமுக்குங்கள். செல்போன் என்றால் திரையில் அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. படத்துக்காகப் புளி போட்டோ செங்கல் பொடி போட்டோ உப்புத்தாள் வைத்தோ பழைய கத்தியைத் தேய்க்காதீர்கள். காலம் ஏற்றிய அந்தக் கருமையும் தேய்ந்த முத்திரையும் போனால் போனதுதான். பருத்தித் துணியால் எண்ணெயையும் கைரேகையையும் ஒற்றி எடுத்தாலே போதுமானது. வேலை முடிந்ததும் மறுபடி மெல்லிசாக எண்ணெய் பூசிவிடுங்கள்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். ஆதிச்சநல்லூரில் ஜெர்மானியர் ஜாகோர் 1876-இல் தோண்டி எடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போயின. பின்னால் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியபோது கிடைத்த இரும்பு வாள்களும் குத்துவாள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. அவர் அவற்றை வகைப்படுத்தி வெளியிட்ட பட்டியல் 1915-இல் அச்சாகி வந்தது. பொருள் கடல் கடந்து போனாலும் துருவேறி உதிர்ந்தாலும், அளவோடு எழுதிவைத்த குறிப்பு ஊருக்கு மிஞ்சுகிறது. தாமிரபரணிக் கரையில் அத்தனை காலத்துக்கு முன்பே இரும்பு அடித்தவர்களின் வழியில் வந்த கொல்லர்களுக்கு, நம் தாத்தா காலத்துப் பாளை அரிவாளுக்காவது ஒரு பதிவு வேண்டாமா?

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. நெல்லைச் சீமையின் பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரர் அரிவாளைத்தான் நினைக்கிறார். அரிவாளைத் தூக்கிப் பிடித்து வீடியோ போட்ட இளைஞர்கள்மேல் போலீஸ் வழக்குப் போடுவதையும் அடிக்கடி படிக்கிறோம். அந்தப் படங்களில் ஒரு அரிவாளின் வேலைப்பாட்டைக் கூட யாரும் பார்த்ததில்லை, மிரட்டலைத்தான் பார்க்கிறார்கள். சேர்ப்பவர்களும் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். வீட்டுக்கோ உழவுக்கோ தொழிலுக்கோ அறிவியல் வேலைக்கோ ஆகாத கத்தி 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும். பாளை அரிவாளும் பாக்குவெட்டியும் அரிவாள்மனையும் உழைத்துப் பிழைத்த வீடுகளின் சாமான்கள். அவை அப்படியே, மேசைமேல், ஆள் முகமும் கையும் இல்லாமல் தெரிய வேண்டும்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வரும் கத்திப் படங்களில் பக்கத்தில் ஒரு அடிக்கோல் இருக்க வேண்டும் என்று வாசகர்களுக்கு அறிவியுங்கள். முழுப்படம் ஒன்று, முத்திரைப் படம் ஒன்று என்று இரண்டாகக் கேளுங்கள். கீழே நீளம், பிடி என்ன மரம், கிடைத்த ஊர், அடித்த பட்டறை தெரிந்தால் அந்த ஊரின் பேர், இவற்றைப் போடுங்கள். இப்போது தபால்தலை அளவில் வரும் படத்துக்கு இரண்டு பத்தி அகலமாவது ஒதுக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கல்லிடைக்குறிச்சி.