சிறார் வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பெற்றோர்களுக்கும், வட்டத்தின் உயிரான குழந்தைகளுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் ஞாயிறு மாலைகளில் நடந்தன. தேர்வுக் காலத்தில் மட்டும் நிறுத்திவைத்தோம். இந்த ஆண்டு அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் வரிசையின் முதல் ஐந்து நூல்களையும் வாசித்து முடித்தோம். கிரேக்கத் தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் பிறந்த பிள்ளைகள் இன்றைய அமெரிக்காவில் வாழும் கதை இது; பெர்சி அவர்களில் ஒருவன். 2005இல் தொடங்கிய வரிசையின் ஐந்தாம் நூலான ‘தி லாஸ்ட் ஒலிம்பியன்’ 2009இல் வெளியானது. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள தன் மகனுக்கு ஆசிரியர் இரவில் சொன்ன கதையில் பிறந்தது இவ்வரிசை. வாசிக்கத் தயங்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

ஐந்தாம் நூலின் பெரும்பகுதி நியூயார்க்கின் மன்ஹாட்டனில் நடக்கும் போர். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆம் மாடியில், கதைப்படி, தேவர்கள் வாழும் ஒலிம்பஸ். அதைக் காக்கத் தேவர்களின் பிள்ளைகள் பாலங்களில் நிற்கிறார்கள். ஆனால் நம் விவாதம் நீண்டது லூக்கைப் பற்றித்தான். தந்தையான ஹெர்மிஸ் தேவர் திரும்பிப் பார்க்காத கோபத்தில், தேவர்களின் எதிரியான குரோனோஸுக்குத் தன் உடலையே கொடுத்தவன் அவன். ஓடிப்போன மகன் வருவான் என்று சாண்ட்விச்சும் கருகிய பிஸ்கட்டும் செய்து அடுக்கிக்கொண்டே இருக்கும் அவன் தாயின் வீட்டை வாசித்த அன்று, அவனைத் துரோகி என்று அடித்துப் பேசிய பிள்ளைகளும் அமைதியானார்கள்.

16 வயதில் போரை முடித்த பெர்சிக்குத் தேவர்கள் சாகாவரம் தர முன்வருகிறார்கள். அவன் மறுக்கிறான். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு தேவரும் தம் பிள்ளைகளை 13 வயதுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டு, தேவர்களும் மீற அஞ்சும் பாதாள ஸ்டிக்ஸ் நதியின் மேல் சத்தியம் வாங்குகிறான். தந்தை யார், தாய் யார் என்று தெரியாமல் தேவர்களின் பிள்ளைகள் தங்கும் முகாமில், ஹெர்மிஸ் குடிலின் தரையில் நெருக்கியடித்துப் படுத்திருந்த பிள்ளைகளுக்காகக் கேட்ட வரம் அது. ஐந்து நூல்களிலும் உயர்ந்த இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

தலைப்பில் உள்ள ‘கடைசி ஒலிம்பியன்’ போர் வீரரல்லர். அடுப்பங்கரைத் தெய்வமான ஹெஸ்டியா. பழைய கிரேக்கப் புராணத்தில் குரோனோஸுக்கு முதலில் பிறந்து, அவன் விழுங்கியவர்களில் கடைசியாக வெளியே வந்தவள். துன்பங்கள் எல்லாம் வெளியேறிய பின் நம்பிக்கை மட்டும் அடைபட்டிருக்கும் பண்டோராவின் ஜாடியைப் பெர்சி அவளிடம் ஒப்படைப்பதை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி உரக்க வாசித்தாள். மறுவாரம் கிரேக்க நகரங்களின் பொது அடுப்பைப் பற்றியும், புதிய குடியேற்றங்களுக்குத் தாய்நகரத்திலிருந்து நெருப்பு கொண்டுசெல்லும் வழக்கத்தைப் பற்றியும் அவளே கட்டுரை எழுதி வந்தாள்.

ஐந்தாம் நூலுக்கு ஒரே பிரதி இருப்பதால் பிள்ளைகள் முறைவைத்துக் காத்திருந்தார்கள். இன்னும் இரண்டு பிரதிகள் வாங்க அவை அனுமதிக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையை ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்